ஓடாத காருக்கும் வயதாகும்

எங்கள் தாமானில் ஒரு வீட்டின் முன் சிவப்பு நிற புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ ஒன்று துணி போர்த்தி நிற்கிறது. 1990-களின் இறுதியில் வெளிவந்த ரகம். 1.8 லிட்டர், 16 வால்வு கொண்ட மிட்சுபிஷி என்ஜின். வளைவுகளில் தடுமாறாமல் திரும்பும்படி அதன் சஸ்பென்ஷனைச் செம்மைப்படுத்தியது இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம். நம் நாட்டுக் கார்களில் வேகப் பிரியர்கள் இன்றும் தேடித் திரியும் கார்களில் அதுவும் ஒன்று.

அதன் உரிமையாளர் ஒரு காலத்தில் என்னிடம் வேதியியல் படித்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையை எடுப்பார். பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவார். உடம்பைத் துடைத்துவிட்டு மீண்டும் போர்த்திவிடுவார். அந்தக் கார் சாலைக்கு வருவது தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும்தான்.

“மின்யாக் ஹித்தாம் எப்ப தம்பி மாத்துன?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மூணு வருஷம் இருக்கும் சார். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடல. நீங்களே பாருங்க, இன்னும் தேன் மாதிரிதான் இருக்கு” என்று எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவிக் காட்டினார். உண்மைதான், நிறம் நன்றாகவே இருந்தது. ஆனால் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தபோது அதன் அடியில் தே தாரிக் நுரையைப் போல வெளிர்பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

அவரைப் போலவே நம்மில் பலர், ஓடாத கார் தேயாது, தேயாத காருக்குப் பராமரிப்பு வேண்டாம் என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை தவறானது என்பதே என் கருத்து. காருக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று ஓடிய தூரம், மற்றொன்று கடந்த காலம். முதல் கணக்கை மீட்டர் காட்டுகிறது. இரண்டாவதை நாம்தான் குறித்து வைக்க வேண்டும்.

பெட்ரோலிலிருந்து வரும் நீர்

மூடியில் படிந்திருந்தது நீரும் எண்ணெயும் சேர்ந்த கலவை. மழையே படாத இடத்தில் நீர் எப்படி வந்தது?

பெட்ரோலில் உள்ள ஆக்டேன் என்ற சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலக்கூறில் 8 கார்பன் அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அது முழுமையாக எரிந்தால் 8 கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளும் 9 நீர் மூலக்கூறுகளும் உருவாகும். நிறையில் கணக்கிட்டால், 114 கிராம் ஆக்டேனிலிருந்து 162 கிராம் நீர் கிடைக்கிறது. அதாவது, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர்! காலையில் புறப்படும் கார்களின் புகைக்குழாயிலிருந்து நீர் சொட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது இந்த நீர்தான்.

இதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. ஆனால் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் நூறு விழுக்காடு அடைப்பதில்லை. எரிந்த வாயுவில் சிறிதளவு அவற்றைத் தாண்டிக் கீழே, எண்ணெய் இருக்கும் பகுதிக்குள் இறங்கும். அங்கே உலோகம் குளிர்ந்திருந்தால் ஆவி நீராகிவிடும். என்ஜின் குளிர்ந்த நிலையில் கூடுதல் பெட்ரோலையும் எடுத்துக்கொள்கிறது. எரியாமல் மிஞ்சும் பெட்ரோலும் கொஞ்சம் எண்ணெயில் கலந்து, அதன் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது.

என்ஜின் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடினால், இந்த நீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடினால் அது நடக்காது. காரின் முன்பலகையில் உள்ள வெப்பமானி காட்டுவது குளிர்விக்கும் நீரின் சூட்டைத்தான். எண்ணெய் அதைவிட மெதுவாகவே சூடேறும். முள் நடுவில் வந்துவிட்டது என்று என்ஜினை நிறுத்தும்போது, எண்ணெய் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கலாம். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் வாரந்தோறும் என்ஜினுக்குள் நீரைச் சேர்த்து வைக்கும் பழக்கம்தான். எதுவும் செய்யாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு கெடுதல் நேர்ந்திருக்காது.

கண்ணுக்குத் தெரியாத அமிலம்

நீர் மட்டும் என்றால் பெரிய கவலையில்லை. எரியும்போது உருவாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோலில் மிகச் சிறிதளவே உள்ள கந்தகத்தின் ஆக்சைடுகளும் அந்த நீரில் கரைந்தால் அமிலங்களாகின்றன. படிவம் நான்கில் அமிலம், காரம், உப்பு படித்தவர்களுக்கு அடுத்தது புரிந்துவிடும். மசகு எண்ணெய் தயாரிப்பவர்கள் இதை எதிர்பார்த்து, காரத்தன்மையுள்ள சேர்மங்களை எண்ணெயில் முன்கூட்டியே கலந்துவிடுகிறார்கள். உள்ளே வரும் அமிலத்தை அவை நடுநிலையாக்கும். ஆனால் கையிருப்பு அளவானது. ஒவ்வொரு முறை நடுநிலையாக்கும்போதும் கொஞ்சம் குறையும். தீர்ந்துவிட்டால், அமிலம் பேரிங் போன்ற உலோகப் பாகங்களை அரிக்கத் தொடங்கும்.

இதையெல்லாம் நிறம் காட்டாது. எண்ணெய் கறுத்தால் கெட்டுவிட்டது, தெளிவாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். கறுத்த எண்ணெய், கரித்துகள்களைப் படியவிடாமல் தன்னுள் தாங்கிக்கொண்டு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கலாம். தேன் நிற எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கலாம்.

இதே எண்ணெய் திறக்காத புட்டியில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. புட்டிக்குள் எரிபொருள் எரிவதில்லை. நீரும் அமிலமும் உள்ளே போவதில்லை. காலம் தனியாக எண்ணெயைக் கெடுப்பது குறைவு. அரைகுறையாகச் சூடேறிய என்ஜின் அதில் கலந்துவிட்டதைக் காலம் வேலை செய்ய விடுகிறது. அதனால்தான் காரை நீண்ட நாள் நிறுத்தி வைக்கப் போகிறவர்கள், நிறுத்துவதற்கு முன்பே எண்ணெயை மாற்ற வேண்டும் என்கிறேன். திரும்ப எடுக்கும்போது மாற்றலாம் என்றால், அத்தனை மாதமும் அழுக்கு எண்ணெயில்தான் பேரிங்குகள் ஊறிக் கிடக்கும்.

உயிரோடு தொடர்புடையது பிரேக்

எண்ணெயை மறந்தால் பணம் போகும். பிரேக் திரவத்தை மறந்தால் உயிரே போகலாம். பெரும்பாலான கார்களில் உள்ள பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் நாட்டின் ஈரக்காற்றைச் சொல்ல வேண்டியதில்லை. டாட் 4 தரத் திரவம் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த பிறகு, தர விதி எதிர்பார்ப்பது 155 பாகைதான். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது அடிக்கடி பிரேக்கை மிதித்தால் திரவம் மிகவும் சூடேறும். கொதித்தால் குமிழிகள் உண்டாகும். திரவத்தைப் போலன்றி வாயு அமுங்கக்கூடியது. மிதி தரைவரை போகும், கார் நிற்காது. இந்த ஈரம், கார் ஓடினாலும் நின்றாலும் சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்திரவத்தை மாற்றுவது நல்லது.

டயரும் அப்படித்தான். பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். சத்ரியா ஜிடிஐ போன்ற கார்களில் உள்ள டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். அது அறுந்தால், பல ரக என்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

வீண் செலவா?

“நல்ல எண்ணெயைக் கீழே ஊற்றுவது வீண்தானே? சுற்றுச்சூழலுக்கும் கேடுதானே?” என்று சிலர் கேட்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. பயன்படுத்திய மசகு எண்ணெய், நம் நாட்டுச் சட்டத்தில் தனியாகக் கையாள வேண்டிய கழிவுப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சாக்கடையில் கொட்டக்கூடாது. மாதம் ஒருமுறை மாற்றச் சொன்னால் நானே எதிர்ப்பேன். கையேடு சொல்வதைப் பின்பற்றினால் போதும். இங்கு விற்கும் பல கார்களின் கையேடுகளில் ‘10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முதலில் வருகிறதோ அது’ என்று இருக்கும். நாம் முதல் பாதியைப் படித்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம். எப்போதாவது ஓடும் காருக்கு, என்ன ஆனாலும் ஓர் ஆண்டைத் தாண்டக்கூடாது என்பேன். நூறு, இருநூறு ரிங்கிட்டில் முடிவதைத் தள்ளிப்போட்டு, என்ஜினைப் பிரித்துக் கட்ட ஆயிரக்கணக்கில் செலவழிப்பதுதான் வீண்.

எண்ணெயையும் அடிக்கடி மாற்ற வேண்டாம், காரும் நலமாக இருக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. நின்ற இடத்தில் ஓடவிடுவதை நிறுத்துங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். நேரமில்லையா? சும்மா விடுங்கள், பேட்டரியை மட்டும் கவனியுங்கள். மூடிய கொட்டகைக்குள் மட்டும் என்ஜினை ஒருபோதும் முடுக்க வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் உரிமம் எடுப்பீர்கள். முதல் கார் பெரும்பாலும் பழைய காராகத்தான் இருக்கும். விற்பவர் ‘பத்து வருஷத்துல இருபதாயிரம்தான் ஓடியிருக்கு’ என்று பெருமையாகச் சொல்வார். அப்பாவும் அம்மாவும் அதைக் கேட்டு மகிழக்கூடும். அப்போது நீங்கள் குறுக்கே ஒரு கேள்வி கேளுங்கள்: “அண்ணே, கடைசியா எண்ணெயும் பிரேக் திரவமும் மாத்துன தேதி என்ன? ரசீது இருக்கா?” தேதி சொல்லத் தெரியாதவரின் காரை, குறைந்த கிலோமீட்டரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

என் பழைய மாணவர் மறுநாளே காரைப் பட்டறைக்கு ஓட்டிச் சென்றார். அந்த நுரை, குளிர்விக்கும் நீர் கசிந்து வந்ததா என்று முதலில் சோதித்தார்கள். கசிவு இல்லை. எண்ணெயும் வடிகட்டியும் மாற்றப்பட்டன. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கார் வீட்டு வாசலில் உறுமுவதில்லை. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு சிரம்பான் வரை போய்த் திரும்புகிறது. என்ஜின் மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். அதில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் தேதியும் எழுதியிருக்கிறது.