இணையதளத்தை நம்புமுன் விசாரிக்க வேண்டுவன

திருமுல்லைவாயிலில் இன்று நன்செய் காண்பது அரிது. மாசிலாமணீசுவரர் கோயிலைச் சூழ்ந்த ஊர் முழுதும் மனைகளாகி, ஆவடி மாநகராட்சியில் அடங்கிவிட்டது. இத்தகைய ஊர்களில் குடியிருந்துகொண்டு, திருவள்ளூருக்கு அப்பால் நிலம் வைத்திருக்கும் மிராசுதார்கள் விதை, மருந்து, மானியம் ஆகிய யாவற்றையும் கைப்பேசியிலேயே விசாரித்து அறிகின்றனர். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் விதை நெல்லை ஈரத்துணியில் கட்டி முளைப்பைச் சோதித்த பின்னரே நாற்றங்காலில் தெளிக்கும் குடியானவர், இணையதளத்தை மட்டும் அதன் அலங்காரம் கண்டே நம்பிவிடுவது விந்தையாகும்.

இதனால் விளையும் நஷ்டம் கற்பனையன்று. சூரிய சக்தியால் இயங்கும் பம்புசெட்டுகளுக்கு மானியம் அளிக்கும் ‘பி.எம். குசும்’ திட்டத்தை இந்திய சர்க்கார் 2019-ஆம் ஆண்டில் தொடங்கினர். விரைவிலேயே அத்திட்டத்தின் பெயரைச் சூடிய போலி இணையதளங்கள் தோன்றி, பதிவுக் கட்டணம் என்று குடியானவர்களிடம் பணம் கேட்கலாயின. புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் அவற்றுட் சிலவற்றின் முகவரிகளைக் குறிப்பிட்டுப் பலமுறை எச்சரிக்கை விடுத்தது. தமிழ்நாட்டில் இத்திட்டத்தை நடத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. அதன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போலியின் சாயம் வெளுத்திருக்கும்.

முகவரியைப் படிக்கும் முறை ஒன்றுண்டு. முதல் சாய்கோட்டிற்கு முன்னுள்ள பகுதியை எடுத்துக்கொண்டு, கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தல் வேண்டும். ‘ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.’ என முடியும் பெயர் சர்க்கார் நிறுவனங்களுக்கே வழங்கப்படுவது, ‘ஏ.சி. புள்ளி ஐ.என்.’ கல்வி நிறுவனங்களுக்குரியது. வெறும் ‘ஐ.என்.’, ‘காம்’, ‘ஓ.ஆர்.ஜி.’ ஆகியவற்றைப் பணம் கொடுத்து எவரும் பெறலாம். பெயரின் நடுவே ‘ஜி.ஓ.வி.’ என்னும் எழுத்துக்களைச் செருகி வைத்திருப்பினும் அது சர்க்காருடையது ஆகாது. அசோகச் சின்னமும் மந்திரிகளின் படமும் எவரும் ஒட்டக்கூடியவை. பூட்டுச் சின்னமோ, அனுப்பும் செய்தியை இடையில் பிறர் படிக்க இயலாது என்பதை மட்டுமே காட்டும். திருடனும் தன் வீட்டைப் பூட்டுகிறான் அல்லவா?

முகவரி மெய்யாயிருப்பினும் விசாரணை அத்துடன் முடிவதில்லை. எழுதிய தேதியைப் பார்ப்பவர் மிகச் சிலரே; பெரிய குறை இதுதான் எனலாம். எண்டோசல்பான் மருந்தை உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தடை செய்தது. நெல் வயலில் இடும் குருணையாகப் பழக்கப்பட்ட போரேட், 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் விலக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட பக்கம் நேர்மையாளரே எழுதியதாயினும், இன்று அதன்படி நடப்பவர் சட்டத்திற்கும் தம் உடல்நலத்திற்கும் கேடு தேடியவராவார். எந்த மருந்திற்கும் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியம் வெளியிடும் பட்டியலே பிரமாணம். தேதியில்லாப் பக்கத்தைக் கொண்டு மருந்தடிக்கலாகாது. சர்க்கார் இலாகாக்களும் தம் பக்கங்களில் தேதி பொறிப்பதில் இன்னும் சிரத்தை காட்டுதல் அவசியம்.

விதை விஷயத்தில் பிறப்பிடத்தைக் கேட்பதே உத்தமம். திருமுல்லைவாயில் வழியாகச் செல்லும் அதே இரயில் மார்க்கத்தில், செவ்வாப்பேட்டையை அடுத்த திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.கே.எம். வரிசை நெற்கள் அங்குப் பிறந்தவை. அவற்றுள் டி.கே.எம். 13 சுமார் 130 நாள் வயதுடையது. அதையே நூறு நாளில் அறுக்கலாமென்று ஒரு வியாபாரியின் பக்கம் கூறுமாயின், அப்பக்கத்தின் பிற வாக்குகளையும் அதே தராசில் நிறுத்துக்கொள்ளலாம்.

கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் கூடி, பட்டா, மானியம், பயிர்க் காப்பீடு ஆகியவற்றுக்குரிய மெய்யான முகவரிகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டுவார்களாயின் செலவு ஒரு தாள்தான். பணம் ஏற்கெனவே கைமாறிவிட்டதாயின், வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. 1930 என்ற தொலைபேசி எண்ணுக்கு அந்த நிமிஷமே தெரிவித்தல் வேண்டும். தாமதியாது சொன்னால், பணம் மோசடிக்காரர் கையில் சேருமுன் வங்கியில் நிறுத்திவைக்க இடமுண்டு.