கைத்திறன்: பிறவியா, பழக்கமா?

உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூர், சீசம் மரச் செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்ற நகரம். கொடியும் இலையும் பின்னிய அப்பலகைகளைக் காண்போர், 'இது பிறவித் திறமை' என வியக்கின்றனர். அக்கூற்று கைவினைஞரின் உழைப்பை மறைத்துவிடுகிறது. உளியைத் தீட்டவும், கொட்டாப்புளியால் அளவாகத் தட்டவும், மரத்தின் இழையோட்டம் அறிந்து செதுக்கவும் அவர் பல ஆண்டுகள் பழகியிருப்பார். இழைக்கு எதிராக உளி சென்றால் பிசிறு கிளம்பும். அதனைக் கை உணர்வதற்குள் பல பலகைகள் வீணாகும்.

இயல்பான ஆர்வம் சிலரை விரைவாக முன்னேற்றலாம். ஆயினும், பழக்கம் இல்லையெனில் எடுக்காத உளிபோல் அதுவும் துருப்பிடிக்கும்.

மொழியும் அவ்வாறே. வெளிமாநிலத்தில் வளரும் மாணவர், 'எனக்குத் தமிழ் வராது' எனச் சோர்தல் தவறு. நாள்தோறும் பத்து வரி எழுதிப் பழகினால் தமிழும் கைவரும்.