எந்த பிலிமுக்கு எந்த டெவலப்பர்?

கறுப்பு-வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவத் தொடங்கும் எவரும் இரண்டாவது சுருளை முடிப்பதற்குள் ஒரு கேள்வியில் வந்து நிற்பார். "இந்த பிலிமுக்கு எந்த டெவலப்பர் பொருத்தம்?" பிலிமுக்கும் டெவலப்பருக்கும் ஜாதகப் பொருத்தம் பார்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்தத் தேடலை நீங்கள் ஓராண்டுக்குத் தள்ளிப்போட வேண்டும் என்பது என் கருத்து. பொருத்தம் என்று ஒன்று உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய சில காரணிகளை நீங்கள் கட்டுக்குள் கொண்டுவரும் வரை அது உங்கள் கண்ணில் படாது.

முதலில் டெவலப்பர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பிலிமின் மேற்பூச்சில், ஜெலட்டினுக்குள், வெள்ளி புரோமைடுப் படிகங்கள் பதிந்துள்ளன. ஒளி பட்ட படிகத்தில் ஒருசில வெள்ளி அணுக்கள் மட்டுமே உருவாகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் தடத்தையே மறைபிம்பம் என்கிறோம். டெவலப்பர் அந்தத் தடமுள்ள படிகங்களுக்கு எலக்ட்ரான்களை வழங்கி, படிகம் முழுவதையும் கறுத்த வெள்ளி உலோகமாக மாற்றுகிறது. தடமில்லாத படிகங்கள் அப்படியே நிற்க, பின்னர் ஹைப்போ அவற்றைக் கரைத்துவிடுகிறது.

எல்லா டெவலப்பர்களும் செய்வது இந்த ஒரே வேலையைத்தான். வேறுபாடு எங்கே வருகிறது? 1920-களில் கோடாக் நிறுவனம் உருவாக்கிய டி-76 என்ற கரைசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். இவற்றோடு நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம்! மற்ற மூன்றையும் சேர்த்தாலும் 9 கிராம்தான் என்றால், இதற்கு மட்டும் ஏன் நூறு? சல்பைட் காற்றிலிருந்து கரைசலைக் காக்கிறது என்பது ஒரு காரணம். அதற்கு இவ்வளவு தேவையில்லை. இந்தச் செறிவில் சல்பைட் வெள்ளி புரோமைடுப் படிகங்களின் ஓரங்களை மெல்லக் கரைக்கிறது. அதனால் படத்தில் குருணை மென்மையாகிறது. கூடவே விளிம்புக் கூர்மையும் சற்றுக் குறைகிறது. இதே கரைசலில் சம அளவு தண்ணீர் சேர்த்தால் சல்பைட் பாதியாகி, கூர்மை திரும்புகிறது, குருணையும் சற்றுத் தலைகாட்டுகிறது. 1891-இல் ஜெர்மனியில் ஆக்ஃபா நிறுவனம் வெளியிட்ட ரோடினால் இதற்கு எதிர்த்துருவம். 25 மடங்கு, 50 மடங்கு தண்ணீர் சேர்த்து அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த நீர்த்த கரைசலில் சல்பைட் மிகக் குறைவு. ஆகவே குருணையை அது மறைப்பதில்லை, விளிம்புகள் கத்தி வெட்டியதுபோல் நிற்கும்.

இங்கேதான் உண்மையான பொருத்தம் இருக்கிறது. பான் எஃப் பிளஸ் போன்ற மெதுவான பிலிமில் குருணை இயல்பாகவே நுண்மையானது. அதற்கு ரோடினால் அழகு சேர்க்கும். 400 வேகமுள்ள பிலிமை ரோடினாலில் கழுவினால் வானம் ரவை கொட்டியதுபோல் தெரியும். (சிலர் அதை விரும்பியே செய்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை.)

ஆனால் உங்கள் முதல் சுருள்களில் நீங்கள் காணப்போகும் வேறுபாடுகள் இவை அல்ல. 1890-இல் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர் பிலிமின் கருமையை அதன்மேல் விழுந்த ஒளியோடு ஒப்பிட்டு வரைபடம் வரைந்தார்கள். அந்த வளைகோட்டின் சாய்வு, கழுவும் நேரம் கூடக்கூடச் செங்குத்தாகிறது. அதாவது, நேரம் கூடினால் படத்தின் வெளிச்சப் பகுதிகள் நெகடிவில் மேலும் மேலும் கறுக்கும். நிழல் பகுதிகள் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்கும். வெப்பநிலை ஏறினாலும், டேங்கை அதிகம் அசைத்தாலும் விளைவு அதே திசையில்தான்.

எவ்வளவு? ட்ரை-எக்ஸ் 400 பிலிமை நீர் கலக்காத டி-76-இல் 20 டிகிரியில் கழுவக் கோடாக் தந்த நேரம் 6¾ நிமிடம். 24 டிகிரியில் 4¾ நிமிடம். நான்கே டிகிரி, நேரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை விழுங்கிவிடுகிறது. நம்மூரில் மே மாதம் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் என்ன வெப்பநிலையில் இருக்கும் என்று அளந்து பாருங்கள்! ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகக் கழுவினால் படம் திட்டுத்திட்டாக வரும் அபாயமும் உண்டு. இதற்காகத்தான் நான் சம அளவு தண்ணீர் கலக்கச் சொல்கிறேன். 20 டிகிரியில் நேரம் 9¾ நிமிடமாக நீளும். ஐஸ் கட்டியைக் கரைசலுக்குள் போடாதீர்கள், பாத்திரத்தைச் சுற்றி வையுங்கள்.

இப்போது ஒருவர் சென்ற மாதம் ஒரு டெவலப்பரில் கழுவினார், இந்த மாதம் வேறொன்றில் கழுவினார், "இதில்தான் படம் பளிச்சென்று வருகிறது" என்கிறார். அவர் எதை ஒப்பிட்டார்? பளிச்சென்று வந்தது சாய்வு கூடியதால் இருக்கலாம். சாய்வு கூடியது தண்ணீர் இரண்டு டிகிரி சூடாக இருந்ததால் இருக்கலாம். இல்லை, டி-76 புட்டியில் மாதக்கணக்காக இருந்து காரத்தன்மை ஏறி, வீரியம் கூடியிருக்கலாம். டி-76, இல்ஃபோர்டின் ஐடி-11 ஆகிய இரண்டின் அச்சிடப்பட்ட வாய்பாடும் ஒன்றே. அப்படியிருந்தும் அவற்றில் எது மேல் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள்!

உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த "இந்து" பிலிம் ஒருகாலத்தில் நம் கடைகளில் கிடைத்தது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இன்று வெளிநாட்டுச் சுருள்தான், விலையும் அதிகம். வீட்டில் கேட்டு வாங்கிய நான்கு சுருளை நான்கு டெவலப்பருக்குப் பலியிட்டால் கையில் மிஞ்சுவது எதையும் சொல்லாத நான்கு நெகடிவ்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மேகமூட்டமான ஒரு நாளில் வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை இரண்டையும் ஒரே கொடியில் தொங்கவிட்டு, கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒரே எக்ஸ்போஷரில் சுருள் முழுவதையும் எடுங்கள். முழு இருட்டில் அதை மூன்றாக வெட்டுங்கள். ஒரே டெவலப்பர், ஒரே வெப்பநிலை. நேரம் மட்டும் பரிந்துரைத்தது, அதில் கால் பங்கு குறைவு, கால் பங்கு கூடுதல். வேட்டியின் மடிப்பும் குடையின் கம்பியும் ஒருசேரத் தெரியும் துண்டு எதுவோ அதன் நேரமே உங்கள் வீட்டு நேரம்.

அடுத்து இரண்டாவது டெவலப்பரை வாங்குங்கள். அதற்கும் இதேபோல் நேரம் கண்டுபிடித்து, இரண்டு நெகடிவின் சாய்வும் சமமான பிறகே அவற்றை ஒப்பிடுங்கள். பிரிண்டுகளின் பின்புறம் குறியிட்டு, நண்பரைக் கலைத்துத் தரச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பதைச் சரியாகச் சொன்னால் உங்கள் கண்ணுக்கு வேறுபாடு தெரிகிறது. ஐந்தைச் சொன்னால், நாணயம் சுண்டிப் பார்த்தாலும் அதே மதிப்பெண் கிடைத்திருக்கும்.

அந்த இரண்டாவது டெவலப்பரை விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. கோடாக்கின் டி-23 வாய்பாட்டில் இரண்டே பொருள்கள்: லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், சல்பைட் 100 கிராம். டி-76-க்கு மிக நெருங்கிய படத்தை அது தருகிறது. பள்ளி வேதியியல் ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு கரையுங்கள். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும், ஆகவே கையுறை அவசியம். முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால், அது கரைந்த பின்பே மீதி சல்பைட். முறை மாறினால் மெட்டால் சரியாகக் கரையாது. கரைசலைச் சோடா, குளிர்பானப் புட்டிகளில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். கறுப்புப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, தேதி எழுதி ஒட்டி, தம்பி தங்கைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.