தசையும் கொழுப்பும் தினக்கூலியும்

தேகப்பயிற்சியில் புதிதாகக் கால்வைக்கும் வாலிபனிடம் இன்று ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: "முதலில் தசையைப் பெருக்கப் போகிறாயா, கொழுப்பைக் குறைக்கப் போகிறாயா?" பெருக்குவதென்றால் சில மாதங்கள் கிடைத்ததையெல்லாம் தின்று பருக்க வேண்டுமாம், குறைப்பதென்றால் அடுத்த சில மாதங்கள் அரைப்பட்டினி கிடக்க வேண்டுமாம். இரண்டுக்கும் துணையாக விலையுயர்ந்த புரத மாவு டப்பா ஒன்றும் விற்கப்படுகிறது. இந்தக் கேள்வியே பொய்யானது என்கிறோம் நாம். ஊவாத் தோட்டங்களின் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது பொய் மட்டுமன்று, தீங்குமாகும்.

பசறை, நமுனுகுலை, ஹாலி-எல, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து பதுளைக்கு வரும் வாலிபர்களில் ஒரு சாராரை உற்று நோக்குங்கள். கைகால் மெலிந்து, தோள் ஒடுங்கி, வயிறு மட்டும் முன் தள்ளியிருக்கும். தோளைப் பார்ப்பவர் "நன்றாகச் சாப்பிடு" என்கிறார். வயிற்றைப் பார்ப்பவர் "சாப்பாட்டைக் குறை" என்கிறார். முதலாமவர் சொற்படி நடந்தால் தொப்பை வளரும். இரண்டாமவர் சொற்படி நடந்தால் இருக்கிற சிறிது தசையும் கரையும்.

இவ்வுடல் எப்படி உருவாகிறது? மகாராஷ்டிரத்தில் புனே நகரை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரக் குழந்தைகளுடன் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் ஒப்பிட்டு, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். புனேக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தையின் எடை 3.5 கிலோ. ஆனால் குறைந்தது பெரும்பாலும் தசையும் உள்ளுறுப்புகளுமே. தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தாயின் வயிற்றிலேயே பற்றாக்குறைக்கு ஆளான சிசு தசையை இழந்து கொழுப்பைக் காத்துக்கொள்கிறது. நம் மலையகத்தின் நிலை என்ன? இலங்கையின் 2016-ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17.3 பேர், தோட்டப்புறத்திலோ 31.7 பேர். பிள்ளைமடுவத்தில் கிடக்கும்போதே வளர்ச்சி குன்றிய குழந்தைதான் பின்னாளில் கண்ணாடிமுன் நின்று தன் மார்பைப் பார்த்து நாணுகிறான். அந்த நாணத்துக்குக் காரணம் அவனல்லன்.

அவனுக்கு நாம் சொல்ல வேண்டிய நற்செய்தி ஒன்றுண்டு. பயிற்சிக்குப் புதியவனின் உடல், தசையைக் கட்டுதலும் கொழுப்பைக் கரைத்தலும் ஆகிய இரு வேலைகளையும் ஒருங்கே செய்ய வல்லது. பல்லாண்டு பயின்ற மல்லனுக்கு அரிதாகும் இக்காரியம் புதியவனுக்கு எளிது. சேமித்து வைத்த கொழுப்பு எரிபொருளாகிறது. உண்ணும் புரதம் கட்டுமானப் பொருளாகிறது. பளுவை எதிர்த்து உழைக்கும் தசையோ "என்னை வளர்" என்று கட்டளையிடுகிறது. 2016-இல் கனடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதிக எடையுள்ள வாலிபர் 40 பேரை இரு பிரிவாக்கி, நான்கு வாரம் உணவைப் பெரிதும் குறைத்துக் கடும் பயிற்சி தந்தனர். உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்கள் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்து, கொழுப்பற்ற உடற்பொருளை 1.2 கிலோ கூட்டினர். அதில் பாதியளவு புரதம் உண்டவர்களும் கொழுப்பை இழந்தனர். ஆனால் அவர்களுக்குத் தசை கூடியதாகச் சொல்வதற்கில்லை. பயிற்சி ஒன்றே, வேறுபட்டது தட்டில் விழுந்த புரதம்.

அத்தனை கடுமை நமக்கு வேண்டாம். 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கட்டுரையொன்று, பளுப்பயிற்சி செய்வோருக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் போதும், அதற்குமேல் உண்பதால் தசை மேலும் கூடுவதில்லை என்று காட்டிற்று. அறுபது கிலோ எடையுள்ளவனுக்கு ஏறத்தாழ 96 கிராம். பருப்பு, கடலை, கௌப்பி, சோயா, முட்டை, நெத்தலிக் கருவாடு ஆகியவற்றிலிருந்தே இதைப் பெறலாம், டப்பா தேவையில்லை. தொப்பையுள்ளவன் ரொட்டியையும் சீனித் தேநீரையும் சற்றே குறைத்தால் போதும். தொப்பையற்ற மெலிந்தவனோ எதையும் குறைக்கலாகாது. தண்டாலும் பஸ்கியும் கல் தூக்குதலும் வாரம் மூன்று நாள், வாரந்தோறும் பளுவிலோ எண்ணிக்கையிலோ சிறு ஏற்றம், நிறைந்த உறக்கம். தராசு அசையாவிட்டாலும் கலங்க வேண்டாம்: கொழுப்பு போய்த் தசை வந்தால் எடை மாறாமலே உடல் மாறும். இடுப்பில் நூல் கட்டி அளந்து பார்க்கட்டும்.

"கொழுந்துக் கூடை சுமந்து மலையேறுகிறவர்களுக்குப் பயிற்சி எதற்கு?" என்று கேட்கும் கனவான்கள் உளர். அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்: உழைப்பொன்றே தசை தருமானால், காலைப் பிரட்டு முதல் மாலை நிறுவை வரை செங்குத்து மலையில் நிற்கும் நம் தாய்மார் ஏன் வீராங்கனைகளின் தோள்களோடு திரியவில்லை? உழைப்பு உடலைத் தேய்க்கும். உணவும் ஓய்வும் சேர்ந்தால்தான் தேய்ந்தது வளரும். அவர்களுக்கு வாய்ப்பதோ கோதுமை ரொட்டியும் சம்பலும். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். 2024-இல் 1,350 ரூபாயென நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, 1,750 ரூபாயாகும் என்று 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதிலும் 200 ரூபாய் வேலைக்கு வந்த நாளுக்கான ஊக்கத்தொகை. ஐந்து வயிறுள்ள லயத்துக் காம்பராவில் இக்கூலியைப் பங்கிட்டுப் பாருங்கள். முட்டை யாருக்கு? பிள்ளைக்கா, கருவுற்றவளுக்கா, தண்டால் எடுக்கும் அண்ணனுக்கா? உடலின் கணக்கு இவ்விடத்தில் கூலியின் கணக்காகிவிடுகிறது.

நம் முற்போக்கு நண்பர்கள் சிலரோ, உடற்கட்டு வெறும் ஆடம்பரம், தன்னழகு மோகம் என்று ஒதுக்குகின்றனர். இதையும் நாம் ஏற்கமாட்டோம். வங்காளத்து மனோகர் ஐச் ஐந்தடிக்கும் குறைவான உயரமுடையவர். பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தபோது அதிகாரியை எதிர்த்துச் சிறை சென்று, சிறையிலேயே பயிற்சியைத் தொடர்ந்தவர். 1952-இல் உலக ஆணழகன் பட்டம் வென்றவர். அடிமைப்பட்ட நாட்டில் பிறந்தவன் தன் உடல் தனக்குரியதென்று பிரகடனம் செய்வது ஆடம்பரமா? தன் உடல் கூடை சுமக்க மட்டும் படைக்கப்பட்டதன்று எனத் தோட்டத்து வாலிபனும் யுவதியும் கருதத் தொடங்குவதை நாம் வரவேற்க வேண்டும். இல்லையேல் டப்பா வியாபாரியும் ஊசி மருந்துத் தரகனும் அவர்களை வரவேற்பார்கள்.

ஆதலின் ஆசிரியர்களே, உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்குத் தாரை வார்க்காதீர்கள். புரதத்தின் கணக்கையும் அதே கரும்பலகையில் எழுதுங்கள். மாணவர்களே, மைதானத்தைக் கேளுங்கள். பள்ளி மதிய உணவில் முட்டையும் பருப்பும் கேளுங்கள். தசையா கொழுப்பா என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறவர்களிடம், முட்டை வாங்கக் கூலி எங்கே, உறங்க இடமுள்ள வீடு எங்கே என்று பெற்றோருடன் சேர்ந்து நின்று கேளுங்கள். தண்டால் எடுப்பது தனியொருவனால் ஆகும்; ஐந்து பேருக்கும் முட்டை கிடைக்கச் செய்வது சங்கமாய்த் திரண்டால்தான் ஆகும்.