ஓட்டுறது ஈஸி... நிறுத்தத் தெரியுமா பாஸ்?

ட்ரிபிள் இ, இ அண்ட் ஐ, மெக்கட்ரானிக்ஸ் படிக்கிற பெரம்பலூர், அரியலூர் மக்களே... ஃபைனல் இயர் நெருங்க நெருங்க உங்க கையிலயும் அந்த நோட்டீஸைத் திணிச்சிருப்பாங்களே? 'பி.எல்.சி. அட்வான்ஸ்டு ட்ரெய்னிங்! சர்ட்டிஃபிகேட் உண்டு! வேலை நிச்சயம்!' அப்பா வெங்காயம் வித்த காசையோ, அம்மா மகளிர் குழுவுல வாங்கின லோனையோ எடுத்துக்கிட்டு திருச்சிக்கோ கோவைக்கோ பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். 'அட்வான்ஸ்டு'ங்கிறாங்களே, அது என்னனு கேட்டீங்களா?

நாலு கம்பெனி பி.எல்.சி., கலர் கலரா ஸ்காடா ஸ்க்ரீன்... அதெல்லாம் வேணும்தான். ஆனா மெஷின் பக்கத்துல நிக்கிற ஆளுக்கு முக்கியமான பாடம் வேற. மெஷின் பாதியில நின்னா என்ன ஆகணும்? கரென்ட் போயிட்டு வந்தா என்ன ஆகணும்? இதை எழுதத் தெரிஞ்சவர்தான் அட்வான்ஸ்டு!

தாத்தாவோட பம்ப்செட்ல இருந்தே ஆரம்பிப்போம். ஸ்டார்ட்டர் பெட்டியில பச்சை பட்டனை அமுக்கிட்டு கையை எடுத்தாலும் மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். எப்படி? உள்ளே கான்டாக்டர் இழுத்ததும், அதோட சின்ன கான்டாக்ட் ஒண்ணு பச்சை பட்டனுக்கு இணையா சேர்ந்து, 'நீ கையை எடு, நான் பிடிச்சுக்கறேன்'ங்குது. சிவப்பை அமுக்கினா பிடி விட்டுடும். கரென்ட் போனாலும் விட்டுடும். திரும்பி வந்தா தானா ஓடாது. (நடுராத்திரி வர்ற த்ரீ ஃபேஸுக்காக ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க. உங்க கதைக்கும் வர்றேன்!)

பி.எல்.சி. க்ளாஸ்ல முதல் நாள் போடுற லேடர் படமும் இதேதான். காரணம் இருக்கு. 1960-களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் எல்லாமே ரிலே. மாடல் மாறினா பீரோ சைஸ் பேனல்களைப் பிரிச்சு, திரும்ப ஒயரிங் பண்ணணும். 1968-ல் ஜெனரல் மோட்டார்ஸ், 'ஒயரை மாத்தாம ப்ரோக்ராமை மட்டும் மாத்துற பெட்டி வேணும்'னு கேட்டுச்சு. டிக் மோர்லியும் அவரோட டீமும் செஞ்ச பெட்டிக்குப் பேர் மோடிகான் 084. அவங்க கம்பெனியோட 84-வது ப்ராஜெக்ட்ங்கிறதால அந்த நம்பர்! ரிலே படம் படிக்கத் தெரிஞ்ச எலெக்ட்ரீஷியனுக்கும் புரியணும்னுதான் லேடர் வந்துச்சு.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அரியலூர் கடலுக்கு அடியில கிடந்துச்சு. அந்தக் கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1979-ல் அரசு சிமென்ட் ஆலை வந்துச்சு. ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடுனு தனியார் ஆலைகளும் இருக்கு. பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்துல எம்.ஆர்.எஃப். டயர் ஆலை. பெரிய சிமென்ட் ஆலைகளில் மொத்த ஓட்டத்தையும் டி.சி.எஸ்.ங்கிற பெரியண்ணன் பார்த்துக்குவார். பேக்கிங், தூசி பிடிக்கிற ஃபில்டர் மாதிரி தனித்தனி மெஷின்களுக்கு நம்ம பி.எல்.சி. யார் பார்த்தாலும் லாஜிக் ஒண்ணுதான்.

ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா மூணு கன்வேயர் பெல்ட் கல்லைக் கொண்டுபோகுதுனு வச்சுக்குவோம். எதை முதல்ல ஸ்டார்ட் பண்ணுவீங்க? 'ஒண்ணாவது'னு சொன்னா அவுட்! கடைசி பெல்ட் ஓடினாத்தான் அதுக்கு முந்தினதை ஓட்டணும். இல்லேன்னா, நிக்கிற பெல்ட் மேல கல் கொட்டிக் குவிஞ்சுடும். இது பேஸிக். ஓடும்போது நடு பெல்ட் ட்ரிப் ஆனா? முதல் பெல்ட் அந்த நொடியே நிக்கணும். மூணாவது மட்டும் ஓடி, மேல இருக்கிற கல்லைத் தள்ளிட்டு நிக்கணும். சரி, நடு மோட்டார் ஓடுது, ஆனா பெல்ட் அறுந்துபோச்சு? 'மோட்டார் ஓடுது'ங்கிற சிக்னலை நம்பினா மோசம்தான். பெல்ட் நிஜமா நகருதானு பார்க்க ஜீரோ ஸ்பீடு ஸ்விட்ச் வேணும். அந்த சிக்னலையும் ப்ரோக்ராம் கேட்கணும்.

இப்போ ஆட்டோ ஸ்டார்ட்டர் கதை. ரெண்டு பேர் ரெண்டு ப்ரோக்ராம் எழுதுறாங்க. ஒருத்தர் பம்ப்செட் மாதிரி 'பிடி' லாஜிக். இன்னொருத்தர் 'செட் - ரீசெட்', அதுவும் கரென்ட் போனாலும் மறக்காத மெமரியில. ஸ்டார்ட் அமுக்கினா ரெண்டும் ஓடும், ஸ்டாப் அமுக்கினா ரெண்டும் நிக்கும். லேப்ல ரெண்டு பேருக்கும் ஃபுல் மார்க்! ஆனா கரென்ட் போன நேரத்துல ஒருத்தர் பெல்ட் அடியில கையை விட்டு, சிக்கின கல்லை எடுத்துக்கிட்டிருக்கார். கரென்ட் வருது. முதல் ப்ரோக்ராம் சும்மா இருக்கும். ரெண்டாவது, 'நான் ஓடிக்கிட்டுத்தானே இருந்தேன்'னு பெல்ட்டைக் கிளப்பிடும்.

அந்தக் கை யாரோடது? நம்ம பக்கத்துத் தெரு அண்ணனோடதா இருக்கலாம். உள்ளே போறதுக்கு முன்னாடி மெயின் ஸ்விட்சைப் பூட்டிட்டுப் போகணும்ங்கிறது சட்டதிட்டம். அதுக்காக ப்ரோக்ராம் எழுதறவர் பொறுப்பு குறையுமா என்ன?

அடுத்தது இன்டர்வியூ ஃபேவரைட். ஸ்டாப் பட்டனை ஏன் 'நார்மலி க்ளோஸ்டு'ல கனெக்ட் பண்றோம்? ஒயரை எலி கடிச்சாலும் மெஷின் நிக்கணும், அதான். ஒயர் நல்லா இருக்கிற வரைக்கும் இன்புட் 'ஆன்'. அதனால லேடர்ல அதை ஓப்பன் கான்டாக்டாத்தான் போடணும். ஒயரிங்கும் க்ளோஸ்டு, படமும் க்ளோஸ்டுனு போட்டுட்டு, மோட்டார் ஓடலையேனு முழிக்கிறவங்க ஏராளம்!

சிவப்புக் காளான் மாதிரி இருக்கிற எமர்ஜென்சி ஸ்டாப்பும், ரயில் செயின் மாதிரி பெல்ட் ஓரமா ஓடுற புல் கார்டும் சாதாரண ப்ரோக்ராமை நம்பி இருக்கக் கூடாது. ஒயர் வழியா நேரா சப்ளையைக் கட் பண்ணணும்; இல்லேன்னா அதுக்குனே இருக்கிற சேஃப்டி பி.எல்.சி. வேணும். இன்னொண்ணு, அமுக்கின காளானை விடுவிச்சா மட்டும் மெஷின் கிளம்பிடக் கூடாது. யாராவது வந்து தனியா ஸ்டார்ட் அமுக்கணும்.

'எல்லாத்தையும் நிறுத்திட்டா சேஃப்'னும் நினைச்சுடாதீங்க. சுமார் 1,450 டிகிரியில கல்லை வேக வைக்கிற கில்ன், சூட்டோட அசையாம நின்னா சொந்த எடையிலேயே வளைஞ்சுடும். கரென்ட் போனாலும் தனி ட்ரைவ் வச்சு மெதுவாச் சுத்திக்கிட்டே இருக்கணும். எதை நிறுத்தணும், எதை நிறுத்தவே கூடாதுங்கிறதுக்கு மெஷினைப் பத்தித் தெரிஞ்சிருக்கணும்.

ஆகவே பாஸ், ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி நாலே கேள்வி. ஒரு கிட்டுக்கு எத்தனை பேர்? நாங்களே ஒயரிங் பண்ணுவோமா? வேணும்னே ஃபால்ட் வச்சு, கண்டுபிடிக்கச் சொல்வீங்களா? அடுத்தவர் எழுதின ப்ரோக்ராமைப் படிக்கக் கத்துத் தருவீங்களா? பதில் சொல்லாம சர்ட்டிஃபிகேட்டைக் காட்டினா, டீ குடிச்சுட்டு கிளம்பிடுங்க.

காசில்லையா? கோடெஸிஸ், ஓப்பன் பி.எல்.சி. ரெண்டும் இலவசம். காலேஜ் கம்ப்யூட்டர்லயே பழகலாம். டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தமிழக அரசு 4.0 மையங்களாத் தரம் உயர்த்தியிருக்கு. உங்களுக்குப் பக்கத்துல எதுனு விசாரிங்க. இன்ஜினீயரிங் படிச்சுட்டு ஐ.டி.ஐ. பக்கம் போறதானு கௌரவம் பார்க்காதீங்க. ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச ஐ.டி.ஐ. அண்ணன்கிட்ட கத்துக்க நிறைய இருக்கு.

இந்த வார ஹோம் வொர்க்: அந்த மூணு பெல்ட்டுக்கு நீங்களே ஒரு லேடர் போடுங்க. அதை ஃப்ரெண்டுகிட்ட கொடுத்து, 'எந்த ஒயரை வேணா அறு, எப்போ வேணா கரென்ட்டை நிறுத்து'னு சொல்லுங்க. அவர் எப்படி அறுத்தாலும் அந்த அண்ணனோட கை பத்திரமா இருந்தா... தாராளமா இன்டர்வியூவுக்குக் கிளம்பலாம்!