கயிற்றை அவிழ்த்து விடுங்கள்

 

முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பகலில் பாடசாலையில் கற்பிக்கிறார். மாலையில் சமையலும் பிள்ளைகளும். எல்லோரும் உறங்கிய பின் ஆய்வேட்டை எழுத உட்காருகிறார். இப்போது புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வருகிறதாம். தொழுகையிலும் உள்ளம் வரண்டு கிடக்கிறதாம். "என் ஈமான் பலவீனமாகி விட்டதா? படிப்பை விட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

சகோதரியே, களைப்பைக் கொண்டு உங்கள் ஈமானை எடை போடாதீர்கள். தொழிலில் ஓயாத நெருக்கடிக்கு உள்ளாவோரிடம் மூன்று அடையாளங்கள் தோன்றுவதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் எடுத்துரைத்தது: சக்தி வற்றிப் போதல், செய்யும் வேலையில் வெறுப்பு, தன்னால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம். மேற்படிப்பில் இருப்போரையும் இதே நிலை பிடிக்கிறது.

ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கக் கண்டார்கள். விசாரித்தபோது, அது ஸைனப் (ரழி) அவர்களுடையது, தொழுது களைத்தால் அதைப் பிடித்துக் கொள்வார்கள் என்று கூறப்பட்டது. அதை அவிழ்த்துவிடும்படி நபியவர்கள் பணித்தார்கள். உற்சாகம் உள்ளவரை தொழ வேண்டும், களைத்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உண்டு.

கவனியுங்கள். தொழுகையை விடச் சொல்லவில்லை. கயிற்றைத்தான் அவிழ்க்கச் சொன்னார்கள். வணக்கத்துக்கே இதுவென்றால் ஆய்வேட்டுக்கு எப்படி? நள்ளிரவில் தூக்கத்தை விரட்ட நீங்கள் குடிக்கும் பிளேன்டீயும் அந்தக் கயிறுதான்.

எனவே இஷா தொழுதுவிட்டு நேரத்தோடு உறங்குங்கள். ஸுப்ஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம் மட்டும் எழுதுங்கள். அந்த நேரத்தில் அடுப்படியை யார் பார்ப்பது? இந்தப் பக்கத்தைக் கணவரிடம் கொடுங்கள். நபியவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதை அவரும் வாசிக்கட்டும்.

உங்களை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளரிடம் நிலைமையை ஒளிக்காமல் சொல்லுங்கள். தவணை கடக்கும் முன்னரே கால நீடிப்புக்கு வழியுண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இரண்டு வாரம் கடந்தும் தூக்கமும் பசியும் இல்லாவிட்டால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறையேனும் தலைகாட்டினால், ஓதிப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். நோய்க்கு மருந்து செய்யச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வைத்தியரிடம் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துடனும் பேசலாம்.

உம்மாமாரே! களைத்து வரும் மகளிடம், "உன்னை யார் படிக்கச் சொன்னது?" என்று கேட்காதீர்கள். ஒருவாய் சோறு ஊட்டி உறங்க விடுங்கள். பட்டம் ஆறு மாதம் பிந்தி வந்தாலும் பட்டம்தான். பிள்ளைகளுக்கு உம்மா ஒருத்திதான்.

அல்லாஹ் நம் பெண்மக்களின் கல்வியிலும் ஆரோக்கியத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.