தொழுவத்துக்கு ஒரு டாக்டர் வேண்டும்

ஸ்ரீரங்கம் கோவிலில் விடியற்காலை விசுவரூப தரிசனத்துக்குப் பசுவையும் யானையையும் சன்னதிக்கு முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். திருவானைக்காவலில் உச்சிக்காலத்தில் அர்ச்சகர் அம்மனைப் போலப் புடவை உடுத்தி வந்து பசுவுக்குப் பூஜை செய்கிறார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் இந்தத் தீவில் பசுவுக்கு மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. ஆனால் கூலி வேலை செய்யும் ஒரு கிழவியின் பசு ராத்திரி வேளையில் கால் மடிந்து விழுந்தால் என்ன நடக்கிறது? அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் விவசாயத் தொழிலாளர் சங்க வேலையாகக் கொள்ளிடக் கரையோரம் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தேன். இரவு பத்து மணி இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால், முதல் நாள்தான் கன்று ஈன்ற கலப்பின ஜெர்சி மாடு ஒன்று, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறது. கண் சொருகியிருக்கிறது. மாட்டுக்காரக் கிழவி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். கடன் வாங்கிப் பிடித்த மாடு. காலையும் மாலையும் சங்கத்துக்கு ஊற்றும் பாலில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது.

கூடியிருந்தவர்களில் ஒருவர் மூங்கில் குழாயில் கஷாயத்தை ஊற்றிக்கொண்டு வந்தார். அப்போது, "அண்ணே, வாயில் எதையும் ஊற்றாதீங்க!" என்று ஒரு வாலிபன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அதே தெருவில் ஒரு கட்டிடத் தொழிலாளியின் மகன். அரசுப் பள்ளியில் படித்து, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, இப்போது கடைசி ஆண்டுப் பயிற்சியில் இருப்பவன். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தான்.

"இது விழுங்குகிற நிலையில் இல்லை. ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்" என்றான். சாக்குகளை மண் நிரப்பிக் கொண்டுவரச் சொல்லி, மாடு பக்கவாட்டில் சரிந்துவிடாமல் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி அணை கொடுத்தான். சரிந்து கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டிவிடும் என்றான். பிறகு காதைத் தொட்டுப் பார்த்தான். "சாயங்காலம் கறக்கும்போதே காது ஜில்லுன்னு இருந்துச்சு தம்பி. பின்னங்காலும் தடுமாறுச்சு" என்றாள் கிழவி. "எத்தனை மணிக்கு ஆயா?" என்று கேட்டு அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டான்.

அது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்போ சில்லிட்டுப்போகிறது. நிறையப் பால் கறக்கும் மாட்டின் ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து, கன்று ஈன்றதும் திடீரென்று மடிக்கு இறங்கிவிடுவதால் தசைகள் வேலைநிறுத்தம் செய்துவிடுகின்றன. கால்சியம் மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றினால் பிழைக்கும். ஏற்றாவிட்டால் பெரும்பாலும் பொழுது விடிவதற்குள் முடிந்துவிடும்.

நோய் இன்னதென்று பையனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கையில் மருந்து இல்லை. தனியாக வைத்தியம் செய்ய அவன் இன்னும் பதிவு பெற்ற டாக்டரும் இல்லை. தெரிந்த டாக்டருக்குப் போன் செய்தான். அவருக்கோ மூன்று மருந்தகங்களுக்குப் பொறுப்பு. பகல் முழுக்க அலைந்துவிட்டு அப்போதுதான் வீடு சேர்ந்திருந்தார். ஆனாலும் ஸ்கூட்டரில் பன்னிரண்டரை மணிக்கு வந்து சேர்ந்தார். மருந்தைச் சொட்டுச் சொட்டாக அவர் ஏற்ற, பையன் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டின் நெஞ்சில் வைத்து இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தான். வேகமாக ஏற்றினால் அந்த மருந்தே இதயத்தை நிறுத்திவிடுமாம். அரை மணிக்குள் மாட்டின் உடம்பு நடுங்கியது. ஏப்பம் விட்டது. சாணி போட்டது. பிறகு எழுந்து நின்று கன்றைத் தேடியது.

அன்றிரவு அந்தப் பையன் கற்றதை எந்த வகுப்பறை கற்றுக்கொடுக்கும்? பால் காய்ச்சலைப் பற்றிப் புத்தகத்தில் இருக்கிறது. காது எப்போது சில்லிட்டது என்பதைக் கிழவியிடம் கேட்டால்தான் தெரியும். இதுதான் நான் சொல்ல வரும் விஷயம். கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு ஏழையின் தொழுவமே பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவன் டாக்டராகத் திரும்பி வரும்படி செய்வது சர்க்காரின் கடமை.

படிப்பு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நாலரை வருஷம் கல்லூரிப் படிப்பு. அதன்பின் ஒரு வருஷம் கட்டாயப் பயிற்சி. மனிதனுக்கு வைத்தியம் படிப்பவன் ஒரே உடம்பைப் படிக்கிறான். இவன் மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய், கோழி என்று பலவற்றின் எலும்பையும் குடலையும் படிக்கவேண்டும். நோயாளி வாய் திறந்து எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. சொல்ல வேண்டியதைக் காலால் உதைத்துச் சொல்லும்.

சினை பார்க்க வேண்டுமானால் தோள்வரை கையை மலக்குடலுக்குள் விட்டுத் தடவிப் பார்த்துப் பழகவேண்டும். முதல் மாதங்களில் ஒன்றும் புலப்படாது, கைதான் மரத்துப்போகும். பழகிய பிறகு விரல் நுனிக்கே கண் வந்துவிடும் என்கிறார்கள். இதில் ஒரு சமூகப் பாடமும் இருக்கிறது. சாணி அள்ளுகிறவனைத் தாழ்ந்தவன் என்று ஒதுக்கிவைத்த நாடு இது. பண்ணையாளைச் சாணிப்பால் குடிக்கவைத்த மிராசுதார்கள் இருந்த தஞ்சை மண் நமக்குப் பக்கத்து ஜில்லாதான். இந்தப் படிப்பிலோ எந்தச் சாதிப் பிள்ளையானாலும் சாணிக்குள் கைவிட்டே தீரவேண்டும். அதைவிட நல்ல பாடம் வேறென்ன?

ஆபத்தும் கொஞ்சமல்ல. தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல மாடு எச்சில் ஒழுக்கி நிற்கும். பரிதாபப்பட்டு வாய்க்குள் கையை விட்டால், அது வெறிநாய் கடித்த மாடாக இருக்கக்கூடும். வெறிநோய் மனிதனுக்கு வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை எடுக்கும்போது புருசெல்லா கிருமி தொற்றி, மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் வாட்டலாம். அடைப்பான் என்று சந்தேகப்பட்டால் செத்த மாட்டை அறுத்துப் பார்க்கவே கூடாது. காற்றுப் பட்டதும் அந்தக் கிருமி வித்தாக மாறி, பல பத்தாண்டுகள் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் இத்தனைக்கும் நடுவில் நின்று வேலை செய்கிறார்கள். ஆம், அது வேலைதான். வெறும் படிப்பு என்று அதைத் தள்ளிவிட முடியாது.

இந்தப் படிப்பு உலகில் எப்படிப் பிறந்தது? 1761ல் பிரான்சிலுள்ள லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. ஐரோப்பாவின் மாடுகளை வெக்கை நோய் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். நம் நாட்டில் வெள்ளையர்களுக்கு முதலில் ராணுவக் குதிரைகள்தான் கவலை. ஏழையின் மாடு அப்புறம்தான். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல் வந்தது. தடுப்பு மருந்து தயாரிக்கும் ராணிப்பேட்டை நிலையம் 1932ல் வந்தது. நாமக்கல் கல்லூரி 1985லும், தனிப் பல்கலைக்கழகம் 1989லும், நமக்கு அருகிலுள்ள ஒரத்தநாடு கல்லூரி 2012லும் தோன்றின. எல்லாம் பொதுப் பணம். மக்கள் கொடுத்த வரி.

அந்தப் பொதுப் பணம் வீண் போனதா? வெக்கை நோயின் கதையைப் பாருங்கள். 1954ல் இந்தியாவில் அதை ஒழிக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. டாக்டர்களும் ஊழியர்களும் ஐஸ் பெட்டியில் மருந்தைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாக, தொழுவம் தொழுவமாகப் போய் ஊசி போட்டார்கள். 1995க்குப் பிறகு நம் நாட்டில் அந்த நோய் தலைகாட்டவில்லை. 2011ல் உலகத்திலிருந்தே அது ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதகுலம் பெரியம்மைக்குப் பிறகு அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றுதான். இதை எந்த லாபக் கம்பெனியும் சாதிக்கவில்லை. சர்க்கார் சம்பளத்தில் கிராமத்துக்குப் போன மனிதர்கள் சாதித்தார்கள்.

அப்படியானால் இன்று என்ன குறை? 5,000 மாடுகளுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று தேசிய விவசாயக் கமிஷன் 1976லேயே சொன்னது. 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 53 கோடிக்கு மேல் கால்நடைகள் இருக்கின்றன. 2011 முதல் தமிழ்நாட்டு சர்க்கார் ஏழைகளுக்குக் கறவை மாடும் ஆடும் இலவசமாகக் கொடுத்தது. கொடுத்தது நல்ல காரியம். ஆனால் மாடு கொடுத்தால் அதற்கு நோய் வரும் ராத்திரிக்கும் வழி சொல்ல வேண்டாமா? ஒரு மனிதர் மூன்று மருந்தகங்களைச் சுமந்தால், அவர் எவ்வளவு நல்லவராயிருந்தும், மூன்று இடத்திலும் ஒரே சமயத்தில் நிற்க முடியுமா?

"படித்த பையன்கள் கிராமத்துக்கு வர மாட்டேன் என்கிறார்கள். டவுனில் நாய் ஆஸ்பத்திரி வைத்துச் சம்பாதிக்கப் போய்விடுகிறார்கள். சேவை மனப்பான்மை இல்லை" என்று சிலர் பிரசங்கம் செய்கிறார்கள். நாய்க்கும் வலி உண்டு, வைத்தியமும் வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் கடன் வாங்கிப் படித்த கட்டிடத் தொழிலாளி மகனிடம் சேவை மனப்பான்மையைக் கேட்பவர்கள், அவனுக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் கொடுத்துவிட்டுக் கேட்கட்டும். 2025ல் லூதியானாவில் கால்நடை மருத்துவ மாணவர்கள் பயிற்சிக்கால உதவித்தொகையை உயர்த்தும்படி போராடினார்கள். அவர்களுக்கு அப்போது கிடைத்தது மாதம் 15,000 ரூபாய். மனித வைத்தியப் பயிற்சி டாக்டருக்கு இணையாக எங்களுக்கும் கொடு என்ற குரல் பல மாநிலங்களில் கேட்கிறது. அது பேராசையா? இல்லை, நியாயம்தான்.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கிறார்கள். 2021ல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. மாடு மேய்த்த வீட்டுப் பிள்ளை மாட்டு டாக்டராகும் வழி திறந்திருக்கிறது. அந்த வழி, திரும்பி அவன் ஊருக்கு வந்து சேரவேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. பயிற்சிக்கால உதவித்தொகை மனித வைத்தியப் பயிற்சி டாக்டர்களுக்குச் சமமாக இருக்கவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியும் கையுறையும் மற்றப் பாதுகாப்புச் சாதனங்களும் சர்க்கார் செலவில் ஒவ்வொரு பயிற்சி மாணவருக்கும் கிடைக்கவேண்டும். பயிற்சியில் கணிசமான பகுதி கிராம மருந்தகங்களில், தங்க இடமும் பஸ் செலவும் கொடுத்து நடக்கவேண்டும். மருந்தகங்களில் காலி இடம் என்ற பேச்சே இல்லாமல் நிரந்தர நியமனம் செய்யவேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்திலும் முறைபோட்டு இரவு டாக்டர் இருக்கவேண்டும். இதற்காக மாணவர்களும் பால் உற்பத்தியாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து குரல் கொடுக்கவேண்டும். தனித்தனியே கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை நான் புறப்படும்போது, அந்தக் கிழவி ஒரு தூக்கில் சீம்பால் எடுத்துக்கொண்டு பையன் வீட்டு வாசலில் நின்றாள். "எனக்கு எதுக்கு ஆயா, கன்னுக்கு விடுங்க" என்றான் அவன். "கன்னு குடிச்சது போகத்தான் தம்பி" என்றாள். தன் மாட்டையே அவனுக்குப் பாடமாகக் கொடுத்தவள், மேலே சீம்பாலும் கொடுத்துவிட்டாள். அவள் தரப்பில் பாக்கி ஒன்றுமில்லை. பாக்கி வைத்திருப்பது சர்க்கார்தான்.